நாலு தட்டு இடைவெளி

சமயநல்லூர்
3.6.2024

அன்புள்ள மாப்ள பாண்டியராஜனுக்கு,

நலம்தானே? உன் மகள் முத்துமீனாவிடம் முகவரி வாங்கினேன். போனில் பேசலாமென்றால் எனக்குக் காது போய்விட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் மிஷின். மனைவி ஞானம் போய் மூன்று வருஷமாகிறது. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் தெரியாமல் வாரம் ஒருமுறை சோறு தீய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ‘கடைசி பஸ்’ பாட்டு நினைவிருக்கிறதா? எண்பத்தொன்றில் தல்லாகுளம் ஹாலில் நாம் பாடிய ராக் அண்ட் ரோல். அன்றைக்குப் பதிவான கேசட், நம் பாட்டு ஒன்றுவிடாமல் கேட்க வருவாளே, அந்த எஸ்தர் வீட்டு பீரோவில் கிடந்திருக்கிறது. அவள் மகன் ஜெய்சன் ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். கேட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தான். “சார், இம்புட்டு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நாங்க பாடுறோம்” என்றான். பாட்டு எனது, தாளம் உனது. இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். தாள் இணைத்திருக்கிறேன்.

நடுவில் நீ தாளம் விட்ட நாலு தட்டு இடைவெளி அப்படியே கேசட்டில் இருக்கிறது. அதை நிரப்பிவிடச் சொல்லிவிட்டேன். பழைய கதை, விடு.

உன்,
இன்பசேகரன்

ஓசூர்
15.6.2024

திரு. இன்பசேகரன் அவர்களுக்கு,

ஞானம் மறைந்த செய்தி இப்போதுதான் தெரியும். வருந்துகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பழைய கதை என்று நீங்கள் விடலாம். என்னால் முடியாது. ‘ரயில்வே கேட்டு சாத்தியிருக்கு’ என்று பாடிவிட்டு அடுத்த அடி வராமல் வாயைத் திறந்தபடி நின்றது நீங்கள். நான் குச்சியைத் தூக்கினேன், மற்றவர்களும் நிறுத்தினார்கள். அடித்துக்கொண்டே போயிருந்தால் நீங்கள் பாட்டை மறந்தது ஹாலுக்கே தெரிந்திருக்கும். நாலு தட்டு காத்திருந்தேன். அடி ஞாபகம் வந்து பாடினீர்கள். ஜனம் பாட்டின் அமைப்பே அப்படித்தான் என்று நினைத்துக் கைதட்டியது.

அன்று கேட்க வந்திருந்த கேசட் கம்பெனிக்காரர் நம் பாட்டு வேண்டாம் என்றதும், எங்கள் வாடிப்பட்டி வீட்டுக்கு வந்து என் அப்பா முன்னாலேயே “ஒன் மகன் கட்டைக் கையாலதான் எல்லாம் போச்சு” என்றீர்கள். நான் நிறுத்தியதால்தான் தடுமாறியதாக நீங்கள் நம்புகிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். சிநேகிதன் மானம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரமே டிரம்மை விற்றேன். பிறகு எதையும் தட்டவில்லை.

இனி எழுத வேண்டாம்.

பாண்டியராஜன்

சமயநல்லூர்
22.6.2024

மாப்ள,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. எஸ்தரைப் போய்க் கேட்டேன். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். “ஒனக்கு முகமே வெளுத்துப்போச்சுண்ணே, அவருதான் காப்பாத்துனாரு” என்று தாளில் எழுதிக் காட்டினாள். நாற்பத்து மூன்று வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன். பாவி நான்.

ஜெய்சனிடம் அந்த இடைவெளியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். “நீங்கதான சார் அடைக்கச் சொன்னீங்க?” என்றான். தப்பு என்னுடையது என்று மொத்தப் பையன்கள் முன்னாலும் சொன்னேன். உன் அப்பா முன்னால் சொல்லத்தான் இனி வழியில்லை.

மன்னித்துவிடு.

இன்பசேகரன்

சமயநல்லூர்
9.9.2024

அன்புள்ள மாப்ள,

இத்தோடு உனக்கு நாலாவது கடிதம். ஆகஸ்டில் போட்டதற்கும் பதில் இல்லை. கோபம் நியாயம்தான்.

சனிக்கிழமை மதுரையில் பையன்கள் நம் பாட்டைப் பாடினார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் காது மிஷின் கீச்சிட்டதால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்து நின்றேன். டிரம் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எத்தனை நீளம் மாப்ள அது! அந்த நேரம் முழுக்க நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஜெய்சன் மைக்கில் ஏதோ பேசினான். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் வாயசைவில் உன் பெயர் தெரிந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது.

இங்கே தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். அவர் சைக்கிள் பெல் எனக்குக் கேட்காது. அதனால் பத்தரைக்கே கேட்டைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் தூரத்திலேயே இல்லையென்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார். மறுநாளும் உட்காருகிறேன்.

அன்று நீ எனக்காகக் காத்திருந்தாய். இப்போது என் முறை.

உன்,
இன்பசேகரன்