மஜ்ஜைப் பொருத்தம்

தாராபுரம்,
4-3-1996

அன்புள்ள மாமாவுக்கு,

பொற்கொடி எழுதுவது. நம் மகள் அன்புக்கரசிக்கு இந்த மாதமும் கோவையில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தோம். எத்தனை காலம் இப்படியே ஏற்றுவது? பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால்தான் ரத்தம் ஊறாத இந்த நோய் தீருமாம்.

“நம்ம சனமெல்லாம் ஒரே ரத்தமுங்க, ஆருகிட்ட வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்று அப்பா வேன் பிடித்துச் சொந்தங்களைக் கூட்டி வந்துவிட்டார். சுப்பாத்தாள் பெரியம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலையில் வந்தது. டாக்டர் சிலரைச் சோதித்தார். ஒருவரும் பொருந்தவில்லை. ஒரே சனத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் மாறுமாம். எனக்கே பாதிதான் பொருந்துகிறது.

சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு நோய் என்று சண்டை போட்டுத்தானே உங்களை விட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. சித்திரையில் பெரியவர்களை வைத்து நம் கல்யாணத்தை முறித்துவிடலாம் என்கிறார் அப்பா. சரி என்றுவிட்டேன். ஆனால் நாம் அத்தை மகன், மாமன் மகள் என்றதும் டாக்டர் உங்களையும் சோதிக்கச் சொல்கிறார். போய் ரத்தம் கொடுங்கள். எனக்கு அலுத்துவிட்டது மாமா.

பொற்கொடி

சூலூர்,
29-3-1996

பொற்கொடிக்கு,

தறியை நிறுத்திவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். முழுசாகப் பொருந்துகிறது அம்மணி. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன்.

பிள்ளைக்கு என் பாதி ஒன்று, உன் பாதி ஒன்று. நீ கொடுத்தது நம் தாத்தாவுடையது, உன் அப்பா வழியாக வந்தது. அதுவே என் அம்மா வழியாக என்னிடமும் இருக்கிறதாம். சொந்தத்தில் கட்டியதால் வந்த பொருத்தம் என்றார் டாக்டர்.

“அப்ப நோவும் அப்படித்தானுங்களா?” என்றேன்.

“அதுவும் அப்படித்தான்” என்றார். வெளியே வந்து அழுதுவிட்டேன்.

சித்திரையில் முறிப்பதானால் முறித்துக்கொள். மஜ்ஜை கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஜ்ஜை மாற்ற வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று மட்டும் எழுது.

கதிர்

தாராபுரம்,
6-4-1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். முறிக்கிற பேச்சு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அதற்காகத் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கே தெரியவில்லை.

இருபதாம் தேதி வரச் சொல்கிறார்கள். பஸ்ஸில் மூன்று சீட்டும் சேர்ந்தாற்போல் போடுங்கள். ஜன்னலோரம் பிள்ளைக்கு. நடுவில் நீங்கள் உட்காருங்கள். அவள் ஒரு தோளில் சாய்ந்தால் மற்றது எனக்கு வேண்டும். நான் தூங்கி வெகுநாளாகிறது மாமா.

பொற்கொடி