நிரந்தரத்தை நாற்காலியிலிருந்து எழுப்பிய கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வாய் மட்டும் அளவுக்கு மீறிய சுகம். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், ஆனால் போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் இதையேதான் சொன்னாய் என்று மாப்பிள்ளை உளறிவிட்டார், அதனால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, நம்புகிறேன். இங்கே நடந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, உட்கார்ந்து முழுவதும் படி.

நம் தெருமுனையில் இருந்த பஸ் நிறுத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பேக்கரி வாசலில் நட்டுவிட்டார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அந்தப் பேக்கரி நம் வார்டு உறுப்பினரின் மச்சானுடையது என்பது தற்செயல். பஸ் தாமதமாக வரும்போதெல்லாம் ஜனங்கள் பன் வாங்கித் தின்பதும் தற்செயல். உறுப்பினருக்கு நாங்கள் வைத்த பெயர் நிரந்தரம். பத்தொன்பது வருஷமாக அவர் போட்டியில்லாமல் தேர்வாகிக்கொண்டிருந்தார், வார்டுப் பக்கம் வருவதில்லை, படம் மட்டும் வரும், அந்தப் படத்திலும் அவருக்கு வயது ஏறுவதே இல்லை. உங்கப்பா ஓய்வு பெற்ற குமாஸ்தா அல்லவா, சும்மா இருப்பாரா, பழைய நிறுத்தத்திலிருந்து புதியதற்கு நடந்து பார்த்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு என்று அளந்து, மனுப் போட்டார். ஒன்றல்ல, பதினேழு. ஒவ்வொன்றுக்கும் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று அச்சடித்த ஒரு சீட்டு வரும், அதையெல்லாம் ஒரு கோப்பில் கோத்து வைத்து, வருகிறவர்களிடம் நம்பர் கொடுத்திருக்கிறார்கள் பார் என்று காட்டுவார், ஏதோ பரிசுச் சீட்டில் நம்பர் விழுந்த மாதிரி.

போன மழைக்காலத்தில் பின்வீட்டு டீச்சர் பஸ்ஸைப் பிடிக்க அந்த ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் தட்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. அவரை ரோட்டிலிருந்து தூக்கியது நம் கீழ்வீட்டு நர்ஸ், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவள், தன் துப்பட்டாவைக் கிழித்துக் காலைக் கட்டி ஆஸ்பத்திரி வரை கூடவே போனாள். நிரந்தரத்திடம் யாரோ போய்ச் சொன்னதற்கு அவர், "வண்டி வர்றதைப் பார்த்துத்தானே கடக்கணும், படிச்ச அம்மாதானே" என்றாராம். டீச்சர் முப்பது வருஷம் இந்த வார்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், நிரந்தரம் கையெழுத்துப் போடுகிற அழகைப் பார்த்தால் அவர் மட்டும் டீச்சரிடம் படிக்கவில்லை என்று தெரியும்.

அந்த வாரம்தான் வார்டுத் தேர்தலும் அறிவித்திருந்தார்கள். நர்ஸ் தன் யூனிஃபாரத்தைப் பிடித்துத் தைக்க என்னிடம் கொண்டுவந்தாள். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவள் இடுப்பில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கடுப்பில் இருந்தாள். "அக்கா, இந்த ஆள் ஒரு தடவைகூட ஜெயிக்கல. எதிர்த்து யாரும் நிக்கல, அவ்வளவுதான்" என்றாள். அப்போ நீ நில்லேன் என்று நான் குண்டூசியோடு சொன்னது அவளுக்கு, அசையாமல் நில்லு என்று கேட்டிருக்கிறது, அவள் அசையாமல் நின்றாள். ஊசியை எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "பத்துப் பேர் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணுமேக்கா" என்றாள். அங்கே தொடங்கியது.

பத்துக் கையெழுத்து வாங்குவதற்குள் இந்தத் தெருவில் யார் யார் எதனால் செய்யப்பட்டவர்கள் என்று தெரிந்துபோனது. பெரியவர் ஒருவர், எங்கள் ஊர்வலத்தில் முன்னால் நிற்கத் தயாராம், கையெழுத்து மட்டும் போட மாட்டாராம், எந்த ஊர்வலம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மளிகைக்கடைக்காரர், "மனசுக்குள்ள நான் எப்பவோ போட்டுட்டேம்மா" என்றார். மனசை எடுத்து வேட்புமனுவில் ஒட்ட முடியாதே. மாடிவீட்டுக்காரருக்கு அன்றைக்கென்று பேனா எழுதவில்லை, நான் என் பேனாவை நீட்டினேன், அவருக்குக் கண்ணாடி இல்லை, அதையும் நீட்டியிருந்தால் அடுத்து கையும் இருந்திருக்காது. டீச்சர் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார், அச்சடித்த மாதிரி. கடைசியில் மருந்துக்கடைக்காரர் போட்டார், பத்து ஆயிற்று. பதினேழு மனுப் போட்ட வீரர், என் வீட்டுக்காரர், போட்டாரா என்று கேட்கிறாயா. "மனு வேற, வேட்புமனு வேற" என்று விளக்கம் சொன்னார். மனுவுக்குப் பதில் வருமாம், வேட்புமனுவுக்கு வம்பு வருமாம். நான் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை, அவருக்கு அது ஓய்வாக இருந்திருக்கும்.

மனுத்தாக்கல் கடைசி நாள் மூன்று மணியோடு முடிகிறது. நாங்கள் இரண்டு மணிக்கே போய்விட்டோம். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் நிரந்தரத்தின் படம். அதிகாரி ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரர் வேர்த்து வழிந்துகொண்டு உள்ளே வந்து, "அது என் கையெழுத்து இல்லைங்க சார்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துத்தான் சொன்னார். அதிகாரி அந்தப் பெயரை அடித்தார். மணி இரண்டு நாற்பது. வெளியே ஓடி யாரையாவது பிடிக்கலாம் என்றால் எல்லாக் கதவும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் தன் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள், போகலாம் என்பது போல. அந்த நேரம் பார்த்து உங்கப்பா வாசலில் நிற்கிறார், கையில் என் கண்ணாடிக்கூடு. "மறந்து வெச்சிட்டு வந்துட்ட" என்றார். நான் கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நீ நம்ப மாட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு போய் அந்தத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க ஆரம்பித்தார். மணி ஓடுகிறது, இவர் படிக்கிறார். இரண்டு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து அதிகாரியிடம் காட்டினார். "சார், நேரமாகுது, போடறீங்களா இல்லையா" என்று அதிகாரியே கெஞ்சும்படி ஆனது. "முப்பத்தாறு வருஷம் சர்வீஸ், படிக்காம எதுலயும் போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, ஆபீஸில் போடுவாரே அந்த நீளமான கையெழுத்து, கீழே இரண்டு கோடு இழுத்து, அதைப் போட்டார். இரண்டு ஐம்பத்திரண்டு. பேனாவை மூடும்போது மூடி இரண்டு தடவை தவறியதை நான் பார்த்தேன், அவரிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிரந்தரம் ஓட்டுக் கேட்டு வந்தார். காரிலிருந்து இறங்கி நம் வாசலில் நின்று, "அம்மா, ஏழாவது வார்டு எங்க ஆரம்பிக்குது?" என்று என்னிடமே வழி கேட்டார். நீங்கள் நிற்கிறதே அதிலேதான் என்றேன். அப்படியா என்று ஆச்சரியப்பட்டு, நன்றாக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போனார். நீயும் அன்று போன் பண்ணி, "இந்த வயசுல உனக்கெதுக்கும்மா அரசியல்" என்றாய். எனக்கு அது வலித்தது, எழுதாமல் விட்டால் நெஞ்சிலேயே நிற்கும் என்பதால் எழுதுகிறேன். டீச்சரைத் தட்டிய வேன் என் வயதைக் கேட்டுவிட்டா வரும்.

ஓட்டுப்பதிவு அன்று நான்தான் நர்ஸின் ஏஜென்ட். பள்ளிக்கூட வகுப்பறையில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு, மடியில் வாக்காளர் பட்டியலோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணி இருக்கும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் வந்து சீட்டை நீட்டினான், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். அதிகாரி பெயரை உரக்கப் படித்தார். உன் தாத்தா பெயர். என் மாமனார், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறார். நான் எழுந்து நின்றேன், அவர் இருந்தபோது நிற்பேனே அதே மாதிரி. "வாங்க மாமா, எவ்வளவு நாளாச்சு உங்களைப் பார்த்து. மூட்டுவலி பரவாயில்லையா? அங்க போனப்புறம் வயசு குறைஞ்சு ஆளே மாறிட்டீங்களே" என்றேன். அவன் திருதிருவென்று விழித்து, "பரவாயில்லம்மா" என்றான். பார், மூட்டுவலிக்குப் பதில் சொல்லியிருக்கிறான். "உங்க மகன் அதோ வரிசையில நிக்கிறார், கூப்பிடட்டுமா மாமா? நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவார்" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே வந்தார் உங்கப்பா, அறுபத்தெட்டு வயது, முழுக்க நரைத்த தலை. அதிகாரி ஒரு பக்கம் அப்பாவையும் ஒரு பக்கம் மகனையும் பார்த்துவிட்டு மேசைக்கடியில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. வரிசை முழுக்கச் சிரிப்பு. அவன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் நின்ற நாலைந்து பேரும் ஏதோ வேலை நினைவுக்கு வந்தவர்கள் போல நழுவினார்கள், எல்லாம் காலமானவர்களாக இருக்க வேண்டும்.

உங்கப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் சீட்டை எடுத்துத் தன் அப்பாவின் பெயரைத் தடவிப் பார்த்தார். "செத்தப்புறமும் எங்கப்பாவை இவங்க வேலைக்கு வெச்சிருந்திருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதிகாரி சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று, பட்டியலில் அந்தப் பெயரைக் காட்டி, நீங்களே அடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டார். இந்தத் தடவை படித்துப் பார்க்கவில்லை.

நர்ஸ் இருபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தாள். அன்று மாலையே தெரு முழுக்கப் போராளிகள். மனசுக்குள் கையெழுத்துப் போட்ட மளிகைக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், நான்தான் முதலில் போட்டேன் என்கிறார். மருந்துக்கடைக்காரர், கையெழுத்தை வாபஸ் வாங்கியது ஒரு தந்திரம், எதிரியை அசட்டையாக இருக்கச் செய்யத்தான் என்று விளக்குகிறார், அதையும் இரண்டு பேர் தலையாட்டிக் கேட்கிறார்கள். உங்கப்பாவோ, தான் நுழையாவிட்டால் ஆட்சியே மாறியிருக்காது என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான், அதுதான் தாங்க முடியவில்லை.

ஜெயித்துவிட்டால் முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டு மாதமாயிற்று, பஸ் நிறுத்தம் பேக்கரி வாசலிலேயே நின்றது. நர்ஸைக் கேட்டால், "ஃபைல் நகருதுக்கா" என்றாள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க, நாங்கள் ஒன்பது பெண்கள் மன்றக் கூட்டத்துக்கே போனோம். பொதுமக்கள் உட்காரும் இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள், இத்தனை வருஷத்தில் யாரும் வந்ததே இல்லையாம். நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் கையோடு தையல் கொண்டுபோனேன், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டேன், ஒரு கூட்டத்துக்கு ஆறு சட்டை. நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து, "என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்றாள். நம்பிக்கை இருப்பதால்தான் உன்னைப் பார்க்க வருகிறோம், நிரந்தரத்தைப் பார்க்க ஒரு நாளாவது வந்தோமா என்றேன். கோபித்துக்கொண்டு போனாள். ஆனால் மூன்றாவது கூட்டத்தில் எழுந்து நின்று அவள் பேசிய பேச்சில் மேசை அதிர்ந்தது, அடுத்த வாரமே கம்பம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, தலைக்கு மேலே கூரையும் போட்டார்கள்.

கூரையில் என்ன எழுதினார்கள் தெரியுமா. நிறுத்தத்தின் பெயர் கட்டைவிரல் உயரம், அதற்கு மேலே நர்ஸின் பெயர் ஒரு முழ உயரம். டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. எழுதினதுதான் பிழை" என்றார். நான் நர்ஸைக் கையோடு அழைத்து வந்து காட்டினேன். "நான் சொல்லலக்கா, பெயின்டர் அவராவே எழுதிட்டார்" என்றாள். நிரந்தரத்துக்கும் முதல் வருஷம் யாரோ அவராகவேதான் எழுதியிருப்பார்கள் என்றேன். டீச்சரையும் அந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான், இவளும் போய்விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கால்மணியில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் ஸ்டூலுமாகத் திரும்பி வந்தாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன், அவளே ஏறித் தன் பெயரைத் தானே அழித்தாள், பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கடைசி எழுத்தை அழிப்பதற்கு முன் ஒரு விநாடி தயங்கினாள், அதையும் பார்த்தேன். தயங்கிவிட்டு அழித்தாள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், யாரையும் பயமுறுத்தாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். உங்கள் குடியிருப்பில் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது, நான் போவதில்லை என்று ஒரு தடவை பெருமையாகச் சொன்னாய், இந்த மாதம் போய்ப் பின்வரிசையிலாவது உட்கார். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும், முன்னால் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு, செவ்வாய்க்கிழமைகளில் மன்றத்தில் காஜா எடுக்கும்
உன் அம்மா