வீட்டில் வேறு பெரியவர் உண்டா?

டிலன்,

நான் மேஜைல மறந்து வச்ச தாள்ல "டிலன் இல்லாம"ன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டே. அதான் காலைல உன் பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சுட்டு, கதவைப் படார்னு சாத்திட்டு வேலைக்குப் போயிட்டே.

என் வாடகைக்கும் கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரிக்கும் கவுன்சில்ல இருந்து எவ்வளவு உதவி கிடைக்கும்னு லைப்ரரி கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டேன். வீட்ல வேற பெரியவங்க, அதாவது பதினெட்டு வயசு தாண்டினவங்க, உண்டான்னு கேட்டுச்சு. உண்டுன்னா உதவி குறையுது. இல்லைன்னா எவ்வளவுன்னு ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்து அந்தத் தாள்ல குறிச்சேன். பாக்கக் கூடாதா? நாப்பது வயசாச்சு, வாயைத் திறந்து கேக்கத் தெரியாதா உனக்கு?

நான் கால் டாக்டர்கிட்ட போறேன். அடுப்புல ஆட்டுக்கறி சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோ. உன் சம்பளச் சீட்டை எடுத்து வை. அது இல்லன்னா நீ இங்க இருக்கறதுக்காக என் உதவில பிடிக்கிறதை இன்னும் அதிகமாப் பிடிப்பாங்க.

அம்மா

பின்குறிப்பு: கவுன்சில் படிவம் ரேடியோவுக்கு அடியில இருக்கு, பாரு. "உண்டு"ன்னு போட்டு உன் பேரை எழுதிட்டேன். பேனாவாலதான் எழுதினேன், அழிக்க முடியாது. பெட்டியைப் பிரிச்சு வை.