கடலுக்குப் போக ஒரு கையெழுத்து

உன் அடையாள அட்டை நேற்று வந்துவிட்டது.

லுணுகலையில் நான் வேலை செய்யும் கொமியூனிகேஷன் கடைக்கு உன் அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். ஃபோன் பேசக் காத்திருந்தவர்களைத் தாண்டி வந்து மேசையில் வைத்தார். பதுளை ஸ்டூடியோவில் நாம் சேர்ந்துபோய் எடுத்த படம். சிரிக்காதே என்று படம் பிடித்தவர் அதட்டியதால் வாயை இறுக்கி வைத்திருக்கிறாய். புது பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை.

"இத இப்ப யாருகிட்டம்மா காட்டுறது?" என்று கேட்டார்.

நீ செத்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. 

நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் விதி என்கிறார்கள். நல்ல புள்ள, குடுத்து வைக்கல என்கிறார்கள். விதிக்கு மடுல்சீமையில் தோட்ட ஆபீஸ் இருக்கிறதா? அதற்கு ஒரு பெரிய கிளாக்கர் இருக்கிறாரா? கேட்டால் என்னை வாயாடி என்பார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ படித்த கெம்பஸ் மூடிக் கிடந்த மாதங்களில் ஒரு பை நிறைய கசெட்டோடு வந்தாயே, அதிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு மூச்சு விட முடியும். யுத்தத்துக்கு முந்தித் திருகோணமலைக் கடலில் மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிப் பதிந்த சத்தங்கள். கேட்டுக் குறித்துத் தரும் வேலையை கெம்பஸில் பாடம் எடுத்த உங்கள் மிஸ் உன்னிடம் ஒப்படைத்திருந்தார். பெரிய திமிங்கிலத்தின் குரல் மனிதர் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது, வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்தால்தான் நமக்குக் கேட்கும் என்று விளக்கினாய். உங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வைத்து அதைப் போட்டதும் லயமே கூடிவிட்டது.

"என்னா புள்ள இது? வயித்து வலி வந்த மாடு மாதிரி கத்துது?" என்றார் எதிர்க் காம்பரா மாமா.

"ஆம்பளத் திமிங்கிலம், மாமா. பொம்பளயக் கூப்பிடுதுன்னு நெனைக்கிறாங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்தே சொன்னார்: "அங்கயும் அதே பொழப்பா? குடிச்சிட்டு வந்து வாசல்ல நிக்கும். தொறக்காதடின்னு சொல்லு."

நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாய். பிறகு எல்லோரும் போனதும் இன்னொரு கசெட்டைப் போட்டு என் காதில் இயர்ஃபோனை மாட்டினாய். கடுகு தாளிப்பது போல ஒரு பொரியல் சத்தம். அது கடலடி றால்கள் எழுப்பும் சத்தம் என்றாய். அதற்குள்ளே திமிங்கிலம். பிறகு தூரத்திலிருந்து ஒரு கப்பல் எஞ்சின் நெருங்கி வந்து எல்லாவற்றையும் மூடியது. கப்பல் போன பிறகு றால்கள் மட்டும் இருந்தன.

"இப்ப சொல்லு. கப்பல் வந்ததும் அது பேசாம இருந்துச்சா? இல்ல, பேசிக்கிட்டே இருந்தும் நமக்குக் கேக்கலையா? இல்ல, அந்த எடத்த விட்டே போயிருச்சா?"

"எனக்கென்னடி தெரியும்?"

"எனக்கும் தெரியாது. இங்க ஒக்காந்து எத்தன தடவ கேட்டாலும் தெரியாது. படகுல இருந்து காதால கேக்கும்போதே கண்ணால பாக்கணும்."

உனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. ஒருமுறை படகில் ஏறிப் பார்ப்பது.

யுத்தம் நின்று கடல் திறந்த வருஷம் அதற்கும் வழி வந்தது. மிஸ்ஸின் ஆட்கள் படகு பிடித்தார்கள். உன் பெயரையும் சேர்த்தார்கள். பரீட்சை எழுதத் தபால் அடையாள அட்டை போதுமாக இருந்தது. துறைமுக வாசலில் அது போதாது என்றார்கள். தேசிய அடையாள அட்டை வேண்டும். அதற்கு நீ இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாய் என்று தோட்டத்தை நடத்தும் தொர கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குக் கையெழுத்துப் போடக் கிராம சேவகர் இருக்கிறார். பிறந்ததிலிருந்து இதே காம்பராவில் கிடக்கும் நமக்கு, நாம் இங்கே இருக்கிறோம் என்று தொர சொன்னால்தான் உண்டு.

தோட்ட ஆபீஸில், வடக்கிலிருந்து வந்த பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். நாம் வெயிலில்.

"உமக்கேன் பிள்ளை கடல்?" என்றார். "கடலை எங்கட ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம்."

"படிப்புக்குங்க ஐயா. திமிங்கிலத்தப் பத்தி."

"திமிங்கிலத்துக்கு இஞ்ச பேர் போட ஏலாது." அவரே சிரித்துக்கொண்டார். "கொம்மாவும் வேலையால நிண்டிட்டா. உங்கட காம்பராவில இப்ப வேலைக்குப் பேர் பதிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை. நீர் பேர் பதியும், துரை சைன் வைப்பார்."

கையெழுத்துக்கு விலை உன் இரண்டு கைகள். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைக் கிள்ளினாய். "சரிங்க ஐயா, நாளைக்கு வர்றோங்க" என்று மெதுவாகச் சொன்னாய். நாளைக்கும் போனோம். அதற்கு அடுத்த வாரமும் போனோம். தொர பதுளைக்குப் போயிருந்தார், தொர சாப்பிடுகிறார், தொர மீட்டிங்கில் இருக்கிறார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "ஏன்டி இப்பிடிக் கொழையிற?"

"கத்துனா என்ன கெடைக்கும்? தாழ்ந்த சத்தம்தான் தண்ணியில எத்தனையோ மைல் போகும், தெரியுமா?"

"தண்ணியில போகும்டி. அந்த ஜன்னல்ல மேசையத் தாண்டாது."

இந்த இடத்தில் உன்னோடு எனக்கு இன்னும் சண்டைதான். கடலைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரியாக இருக்கலாம். தோட்டத்து ஆபீஸைப் பற்றி நீ நினைத்தது முழுத் தப்பு.

நீ இல்லாமலே படகு போனது. அவர்கள் அனுப்பிய கசெட்டை நீ கேட்டாய். அதிலும் கப்பல் வருகிறது, அதிலும் திமிங்கிலம் காணாமல் போகிறது. என் கடையிலிருந்து கொழும்புக்கு ஃபோன் போட்டு, அந்த நேரத்தில் அது எங்கே இருந்தது, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாய். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்றார்களாம். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நீ திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

படகு போய் வந்த பிறகு தொர ஒருநாள் தானாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடையாள அட்டைக்கான படிவத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாய். பிறகு மழை, காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்ட லொறி, ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் வந்தது. கொழுந்து கெட்டுப்போகுமாம்.

இன்று காலை கடைக்கு லீவு போட்டேன். கீழ் லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தொர கையெழுத்துப் போட வேண்டிய இதே கடிதத்துக்காக இரண்டு மாதமாக அலைகிறார்கள். அவர்களோடு போனேன். கிளாக்கர் வியாழக்கிழமை வரச் சொன்னார். நான் ஜன்னலை விட்டுவிட்டு, தொரையின் ஜீப் வெளியே வரும் பாதையில் போய் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. கொழுந்துக்குப் போன பெண்களெல்லாம் மலையில் நின்று பார்த்தார்கள். கிளாக்கர் ஓடிவந்து, "பிள்ளை, வழியை விடும், வழியை விடும்" என்றார். நான் விடவில்லை.

தொர கண்ணாடியை இறக்கி, "என்ன வேணும்?" என்றார். சொன்னேன். மூன்று கடிதங்களையும் வாங்கி, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஜன்னல் வழியாக நீட்டினார். எஞ்சினைக்கூட அவர் அணைக்கவில்லை.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவ்வளவுதான் வேலை. ஒரு மனிதர் பேனாவைத் திறந்து மூடும் நேரம். அந்த நேரத்தை உனக்குத் தரவில்லை.