தாவணித் திடலின் முளைகள்

மார்ச் 9

இல்லை, நான் யார் பக்கமும் இல்லை. பலகைக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான். மாட்டுச் சந்தை கூடும் மாட்டுத்தாவணித் திடல் விளையாட்டுப் பூங்கா ஆகப்போகிறது. வாசலில் ஒரு பலகை வைப்பார்களாம். அதில் திடலின் பாரம்பரியம் பற்றிப் பத்து வரி. கமிட்டித் தலைவர் சென்னியப்பன் மாமா கேட்டார். "மெட்ராசு போயி எம்.ஏ. படிச்சவ நீ. நீ எழுதாம வேற எந்தக் கழுத எழுதும்?"

பத்து வரி. ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 11

திடலுக்குப் போனேன். மாசித் தாவணி முடிந்து சாணம் காய்ந்து கிடக்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. தாவணிக்கு வரும்போது மாடு கட்ட முளை அடிப்பார்கள். முடிந்ததும் பிடுங்க மாட்டார்கள். சம்மட்டியால் தலையில் போட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். பிடுங்கினால் அந்த வீட்டின் பட்டி, அதாவது மாடு கன்று எல்லாம், அழிந்துபோகும்.

எங்களிடம் மாடே இல்லை. அப்பா கோழிப்பண்ணைக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. இருந்தும் மாசி தவறாமல் ஒரு முளை அடிக்கிறார். அதில் எதையும் கட்டுவதில்லை.

பாரம்பரியமா? பழக்கமா? பயமா? எந்தச் சொல்லைப் பலகையில் எழுதுவது?

மார்ச் 14

ஜோதிக்கு முழங்காலில் தையல். சித்தப்பா மகள். அவளும் தோழிகளும் கபடி பழகுவது அதே திடலில்தான். மண் கரைந்து ஒரு முளை தலை நீட்டியிருக்கிறது.

"ரெய்டு போயிட்டுத் திரும்பறேன், உள்ள இருந்து எவனோ காலப் புடிச்சாப்புல இருந்துச்சுக்கா." பிறகு சிரித்தாள். "மாடு புடிக்கிற ஊருல மாடு என்னையப் புடிக்குது."

மார்ச் 18

மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ஊரே குறுக்கே நின்றது. என் அப்பாவும்.

ஒப்பந்தக்காரர் கத்தினார். "அப்ப முளைய நீங்களே புடுங்கிக் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள தரை சுத்தமாகலீன்னா வேல வேற ஊருக்குப் போயிரும்."

யாரும் குனியவில்லை. இயந்திரம் திரும்பிப் போனது.

ஜோதி அழவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சித்தப்பா முன்பே சொல்லிவிட்டார்: "உள்ளூருல ஆடுனா ஆடட்டும். பஸ் ஏறிப் போயி ஆடற சோலியெல்லாம் ஆகாது." இங்கே களம் வந்தால் போட்டியும் இங்கேயே நடக்கும், அவள் ஆடுவாள். வராவிட்டால் இந்தத் தையல்தான் அவள் கடைசி ஆட்டம்.

மார்ச் 19

முளையைத் தொடாதே என்கிற ஊர், களம் வேண்டும் என்கிற ஜோதி, இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது. இதற்குத்தான் படித்தேனா?

மார்ச் 23

கோயில் முன்னால் கூட்டம். சென்னியப்பன் மாமா விளக்கினார். "வெளியாளு புடுங்குனா பட்டிய அவன் ஓட்டீட்டுப் போனதுக்குச் சமம். ஊட்டு ஆளு புடுங்குனா பட்டி தானாப் போயிரும். யாருதானுங்க புடுங்கறது?"

பின்னால் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஜோதியின் குரல். "நாங்க புடுங்கறோமுங்க மாமா."

"நீ ஊட்டு ஆளு இல்லியா?"

"இன்னொரு ஊட்டுக்குப் போறவன்னுதான எப்பவும் சொல்றீங்க. வெளியாளும் இல்லீங்க. ரெண்டுலயும் சேராதவ."

 கமிட்டியில் இருக்கிற சபரிநாதன் அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, புள்ள சொல்றது சட்டந்தானுங்களே!"

மாமா மீசையைத் தடவினார். "கல்யாணமாகாத புள்ளைங்க புடுங்குனா அது கணக்குல வராதுதான்." ஊருக்கே மூச்சு வந்ததுபோல் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் தலையாட்டியவர் என் அப்பா. நான் பார்த்தேன்.

வெற்றிதானே? பிறகு ஏன் அப்பாவின் தலையாட்டல் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது?

மார்ச் 25

காலையிலிருந்து பிடுங்கினோம், ஜோதி, அவள் தோழிகள், கல்யாணமாகாத நானும். கடப்பாரை, கயிறு, நிறையச் சிரிப்பு. "இது சென்னியப்பன் மாமா முளைடி. அவராட்டமே அசைய மாட்டேங்குது." சிலது மக்கிப்போய்க் கையோடு வந்தது. சிலது நேற்று அடித்ததுபோல் இருந்தது.

பலகையில் இதை எழுதலாமா? எந்த வீட்டிலும் சேராதவர்கள் இந்தத் திடலைத் திறந்தார்கள் என்று? மாமா அந்த வரியை அடித்துவிடுவார்.

எங்கள் முளையை மட்டும் நான் தொடவில்லை. தொட்டால் அவர்கள் சொன்னதற்கு நானும் தலையாட்டியதாகும். நான் இந்த வீட்டு ஆள் இல்லை என்று.

"அக்கா, உங்குளுதுதான் பாக்கி. சரியா நடுக்கோட்டுல நிக்குது."

"நாளைக்கு."

ஜோதி என் முகத்தைப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை.

மார்ச் 26

பண்ணையில் அப்பாவிடம் கேட்டே விட்டேன். "அப்பா, நான் புடுங்குனா இந்த ஊட்டு ஆளாத்தான் புடுங்குவேன். சரீங்களா?"

"எதுக்குச் சாமி இத்தன பேச்சு? சும்மா புடுங்கிப் போட்டுட்டு வா."

"சும்மா முடியாதுங்கப்பா."

"அப்பறம் பட்டி என்னாகறது?"

"நம்மகிட்டக் கோழிதானுங்க இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி அட்டையை வைத்துவிட்டு, "அப்பிடீன்னா நீ புடுங்காத."

இல்லாத மாட்டுக்காக இருக்கிற மகளை — என்ன சொல்கிறேன்? அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் சொன்னாரா?

மார்ச் 28

நேற்று பிடுங்கிவிட்டேன். ஜோதி கூட வந்தாள். யாருக்கும் எதுவும் அறிவிக்கவில்லை. வேல மரம், லேசில் வரவில்லை. வெளியே வந்ததும் உள்ளங்கை எரிந்தது. யாராகப் பிடுங்கினேன் என்று கேட்டுக்கொண்டேன். 

இன்று மதியம் அப்பா வண்டியில் திடலுக்கு வந்தார். குழியைப் பார்த்தார்.

"எப்பிடிப் புடுங்குன?"

"கடப்பாரையிலதானுங்க."

"நா அதக் கேக்கல."

தெரியும். "உங்க ஊட்டு ஆளாத்தானுங்கப்பா," என்றேன்.  சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தோன்றியது.

திட்டுவார் என்று நின்றேன். வண்டியைக் கிளப்பினார். போகும்போது, "குழிய அப்பிடியே உட்டறாத. புள்ளைங்க காலு மாட்டிக்கும்."

அவ்வளவுதான். சம்மதமா, கைவிட்டுவிட்டாரா, தெரியவில்லை.

திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது.

குழியில் மண் அள்ளிப் போட்டேன். தண்ணீர் ஊற்றி மிதித்தேன்.