தயாவின் கழுத்து

பெர்மாஸ் ஜெயா,
2 டிசம்பர் 2024

அன்பு நண்பன் தயாவுக்கு,

நலம். சிகாமட்டில் நீயும் பிரேமலாவும் நலம்தானே? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் கட்டைவிரல்தான் காட்டுகிறாய். அதனால் தபால்.

உன் படம் என்னைப் படுத்தி எடுக்கிறது. இந்த மழையில் ஆயில் பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறது. கன்னத்துக்கு வைத்த நிறம் மீசைக் கறுப்போடு குழைந்து சேறாகிறது. அதைக்கூடச் சமாளிப்பேன், உன் கழுத்தைத்தான் முடியவில்லை. "நேரா உட்காருடா" என்று எத்தனை முறை சொன்னேன், கேட்டாயா? நானாக நிமிர்த்தி வரைந்தால் வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான். சுரண்டி எடுத்துவிட்டேன்.

மறைப்பானேன், அந்த முகத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. போன மாதம் நீ படத்துக்கு உட்கார வந்த அன்று, ரயில் ஸ்டேஷனில் உன்னை விடக் காரில் போகும் வழியில், என் மகள் லோஷினியின் கல்யாணம் நின்றுபோனதைச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "நல்லது லா, ரொம்ப நல்லது" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவன் சொல்கிற வார்த்தையா அது? இந்தக் கோபத்தோடு படமும் முடியாது, நம் நட்பும் நிலைக்காது.

தங்கராஜு

சிகாமட்,
9 டிசம்பர் 2024

அன்புள்ள ராஜு,

லோஷினி கல்யாணம் நின்றுவிட்டதா? எனக்குத் தெரியவே தெரியாது. பிரேமலா அவளுக்குப் புடவைகூட எடுத்து வைத்திருக்கிறாள்.

நான் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடு. வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. படத்தை விட்டுவிடு. இனி அங்கே வர எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தயானந்தன்

பெர்மாஸ் ஜெயா,
15 டிசம்பர் 2024

தயா,

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைத் தெரியாது என்கிறானே என்று உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். லோஷினிதான் எடுத்துப் படித்தாள். பிறகு, உன்னை உட்காரவைத்து நான் பென்சிலில் போட்ட படங்களையெல்லாம் தரையில் பரப்பினாள். "அப்பா, எல்லாத்துலயும் மாமா இடது காதைத்தான் உங்க பக்கம் திருப்பியிருக்காரு. கண்ணு உங்க வாயையே பாக்குது" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காரில் நான் ஓட்டினேன், நீ இடப்பக்கம். உன் வலது காதுதான் என் பக்கம். மழை வேறு கொட்டியது. நான் சாலையைப் பார்த்துப் பேசியதால் உனக்கு என் வாயும் தெரியவில்லை. லோஷினி பெயர் மட்டும் காதில் விழுந்து, கல்யாணத் தேதி சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாய், அப்படித்தானே? போனை எடுக்காததும் அதனால்தானே? என்னிடம் ஏண்டா மறைத்தாய்? உன்னைப் போய்த் திட்டித் தீர்த்தேனே.

கழுத்தைச் சாய்த்தே வரைந்துவிட்டேன். அச்சு அசல் நீதான்.

ராஜு

சிகாமட்,
22 டிசம்பர் 2024

ராஜு,

ஆமாம். வலது காது போய் இரண்டு வருஷமாகிறது, இடதும் கொஞ்சம் மந்தம். செவிடன் என்று பெயர் வாங்க வெட்கம். கட்டிய மனைவி பிரேமலாவிடம்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் நான் திரும்பாததைப் பார்த்து, பதவி உயர்ந்ததும் எனக்குத் திமிர் வந்துவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அழுதாள், திட்டினாள், மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். காதுக் கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள். வரச் சில வாரம் ஆகுமாம்.

அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். லோஷினியும் நீயும் எனக்கு இடப்பக்கமாக உட்காருங்கள். அன்று காரில் சொன்னதை முதலிலிருந்து மெதுவாகச் சொல். இந்த முறை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன் தயா