நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர்

லீட்ஸ்,
பிப்ரவரி 1967

அன்புள்ள அம்மாவுக்கு, தனராஜின் வணக்கம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? என் இருமல் விட்டுவிட்டது.

போன வாரம் என் ரசாயனத் தொட்டி வெடித்துவிட்டது. பயப்படாதீர்கள், அது கம்ப்யூட்டர் கணக்குக்குள் மட்டுமே இருக்கும் தொட்டி. ஒரு பக்கம் ரசாயனம் உள்ளே வரும். கலக்கக் கலக்கச் சூடேறி மறுபக்கம் வெளியே போகும். சுற்றிலும் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டும். என் கணக்கில் தணியவே இல்லை.

பேராசிரியர் என் கணக்குத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"குழாய்த் தண்ணீர் இருபத்தேழு டிகிரியா? எந்த ஊரில்?"

"எங்கள் ஊர் ரிவியேர் டு ராம்பாரில், சார்" என்றேன்.

யோசிக்காமல் நம் வீட்டுத் தண்ணீரையே எழுதியிருக்கிறேன். இங்கே குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அதை மாற்றி எழுதியதும் தொட்டி அடங்கிவிட்டது.

முடிந்தால் கொஞ்சம் காய்ந்த மிளகாய் அனுப்புங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று. சர்க்கரை ஆலையிலிருந்து அப்பாவை ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவரச் சொல்லி, நம் குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். கணக்குக்கு இல்லை, அது முடிந்துவிட்டது. எனக்குத்தான் வேண்டும்.

உங்கள்
தனராஜ்